தட்டில் கீரை, கண்ணில் தண்ணீர்

கண்ணுக்கு மூலிகை தேடும் வடசென்னைக்காரர் இன்று மூன்று வாசல்களில் நிற்கிறார். பூங்கா நகர் ராசப்ப செட்டி தெருவின் நாட்டு மருந்துக் கடைகள் ஒன்று. கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய பர்மா பஜார் இன்னொன்று. மூன்றாவது, கையிலிருக்கும் செல்போன். முதல் வாசலில் திரிபலா சூரணமும் மரமஞ்சளும் தேத்தான்கொட்டையும் கிடைக்கும். இரண்டாவதில் வெளிநாட்டுத் தைல டப்பாக்கள். மூன்றாவதில் கோஜிப் பழம், செவ்வந்திப்பூத் தேநீர், சீன எழுத்து அச்சடித்த கறுப்பு உருண்டை மாத்திரை என்று கேட்டதெல்லாம் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகின்றன.

இந்த அத்தியாயம் எதையும் மொத்தமாக ஒதுக்கச் சொல்லவில்லை. ஒரே ஒரு கோடு போடுகிறது. வாய்வழி போகும் மூலிகை வேறு, கண்ணுக்குள் விடும் மூலிகை வேறு. முதல் வகையில் பயனுள்ளவை உண்டு, பயனற்றவை உண்டு, சிலருக்கு மட்டும் ஆபத்தானவையும் உண்டு. அவற்றைப் பிரித்துப் பார்க்கலாம். இரண்டாவது வகையை வீட்டிலோ பட்டறையிலோ செய்யவே கூடாது. அதில் விதிவிலக்கு தேட வேண்டாம்.

இந்தப் பகுதிக் கண்ணுக்கு வரும் தொல்லைகள்

மருந்துக்கு முன் நோயைப் பார்க்க வேண்டும். ராயபுரம் முதல் எண்ணூர் வரை உள்ள கண்களுக்கு வரும் தொல்லை, மயிலாப்பூர் கண்ணுக்கு வருவது போன்றதல்ல.

சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாள்வது 2011இல் நீதிமன்ற உத்தரவால் நின்றது. ராயபுரத்து மாடிகளில் படிந்த கரி குறைந்தது. ஆனால் அந்தச் சரக்கு மறைந்துவிடவில்லை, எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. அங்கே ஏற்கெனவே அனல்மின் நிலையங்களின் சாம்பல் இருக்கிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும்போது எழும் புழுதி தனி. இவை கண்ணுக்குள் போனால் அரிப்பு, சிவப்பு, நீர் வடிதல், நாளடைவில் வறட்சி.

திருவொற்றியூர், மணலிப் பட்டறைகளில் வேறு கதை. கிரைண்டிங் சக்கரத்திலிருந்து தெறிக்கும் இரும்புத் தூள் கருவிழியில் சூடாகக் குத்தி நிற்கும். ஒரு நாள் விட்டுவிட்டால் அதைச் சுற்றித் துரு வளையம் படியும். வெல்டிங் வெளிச்சம் இன்னொரு வகை. வேலை நேரத்தில் ஒன்றும் தெரியாது. சாப்பிட்டுப் படுத்து ஆறேழு மணி நேரம் கழித்து, கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல வலி தொடங்கும். புறஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டிருக்கும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் ஆறிவிடும் என்பதால், அந்த நேரத்தில் எதை வைத்தாலும் அதுதான் குணப்படுத்தியது என்று பெயர் வாங்கிக்கொள்கிறது. உருளைக்கிழங்குச் சீவல் இப்படித்தான் பட்டறைகளில் மருந்தானது. மூடிய இமை மேல் குளிர்ச்சிக்கு வைத்தால் கெடுதல் இல்லை. சுட்ட தோலை ஆற்றியது உருளைக்கிழங்கு அல்ல, அந்த நாற்பத்தெட்டு மணி நேரம்.

காசிமேட்டில் கடலுக்குப் போகிறவர்களுக்கு மேலே சூரியன், கீழே தண்ணீரில் அதன் எதிரொளி. உப்புக் காற்று வேறு. வெள்ளை விழியின் மூக்குப் பக்கத்திலிருந்து கருவிழி நோக்கிச் சதை வளர்வது இவர்களிடம் சகஜம். இந்தச் சதையைக் கரைக்கும் செடி எந்த நாட்டு மருத்துவத்திலும் இல்லை. கரைப்பேன் என்று யாராவது சொட்டு விட வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். அகல விளிம்புத் தொப்பியும், பக்கவாட்டிலும் மூடும் கறுப்புக் கண்ணாடியும் அது வளரும் வேகத்தைக் குறைக்கும். பார்வையை மறைக்கும் அளவு வந்துவிட்டால் அறுவை சிகிச்சைதான்.

இவற்றோடு, எல்லா ஊர்களிலும் உள்ள கண்புரையும் கண் நீர் அழுத்தமும் சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதும் இங்கேயும் உண்டு. இந்த மூன்றும் மூலிகைக்கு மசிவதில்லை. எந்தக் கஷாயத்துக்கும் புரை கரையாது.

ரங்கூன் வழியாக வந்த சீன மருந்து

சீன மருந்து வடசென்னைக்குப் புதுசு என்று நினைக்க வேண்டாம். அது வந்தது கப்பலில், ரங்கூன் வழியாக. புலித் தைலம் பிறந்த இடமே ரங்கூன்தான். ஆவ் சூ கின் என்ற சீன வைத்தியர் 1870களில் அங்கே மருந்துக் கடை வைத்தார். அவர் மகன்கள் அந்தத் தைலத்தைப் பெரிய வியாபாரமாக்கி 1926இல் சிங்கப்பூருக்குக் கொண்டுபோனார்கள். பர்மாவில் 1962இல் ராணுவ ஆட்சி வந்து, அடுத்த சில ஆண்டுகளில் கடைகளும் தொழில்களும் அரசுடைமையானபோது லட்சக்கணக்கில் தமிழர்கள் கப்பலேறித் திரும்பினார்கள். வியாசர்பாடியிலும் வடசென்னையின் மற்றப் பகுதிகளிலும் குடியேறியவர்கள் அத்தோவும் மொய்ங்காவும் மட்டும் கொண்டுவரவில்லை. தலைவலித்தால் பொட்டில் தைலம் தேய்க்கும் பழக்கமும் கூட வந்தது. 1969 வாக்கில் அவர்களுக்காக உருவான பர்மா பஜாரில் சிங்கப்பூரின் கோடாலித் தைலம் இன்றும் நிற்கிறது.

கண்ணைப் பொறுத்தவரை இந்தத் தைலங்களுக்கு ஒரே பாடம்தான்: புருவத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. கற்பூரம், மென்தால், கிராம்பு எண்ணெய் எல்லாம் கருவிழியை எரிப்பவை. தூக்கம் வராமலிருக்க நைட் ஷிப்ட் ஓட்டுநர்கள் கீழிமையில் துளி தடவுவதைத் துறைமுகச் சாலைகளில் பார்க்கலாம். கண்ணீர் வழியும், தூக்கம் கலையும், லாரி ஓட்டும் நேரத்தில் பார்வையும் கலங்கும். தேய்த்த விரலோடு கண்ணைத் துடைப்பதும் அதே விளைவைத் தரும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் முகத்தைத் தொட வேண்டும்.

அவர்களுக்குக் கல்லீரல், நமக்குப் பித்தம்

சீன மருத்துவம் கண்ணைக் கல்லீரலின் வாசலாகப் பார்க்கிறது. கல்லீரல் சூடானால் கண் சிவக்கும், அதன் சாரம் வற்றினால் பார்வை மங்கும் என்பது அவர்கள் கணக்கு. நம் சித்த மருத்துவம் கண்ணில் ஆலோசகப் பித்தம் குடியிருப்பதாகச் சொல்கிறது. பித்தம் ஏறினால் கண் எரியும். கண்ணோய்களை 96 என்று வகுத்து, நாகமுனிவர் நயனவிதி போன்ற தனி நூல்களும் உண்டு. இரண்டு பேரும் உடலின் சூட்டைத்தான் பார்த்தார்கள், இரண்டு பேரும் குளிர்ச்சியான செடிகளைத் தேடினார்கள்.

இது தற்செயல் மட்டுமல்ல. சீனர்களின் பழைய கண் மருத்துவத்தில் இந்தியக் கை பதிந்திருக்கிறது. தாங் அரச காலத்தில் நாகார்ஜுனர் பெயரால் ஒரு கண் மருத்துவ நூல் அங்கே வழங்கியது. லியு யூஷி என்ற கவிஞர் (772–842) தன் கண்ணுக்கு மருத்துவம் செய்ய வந்த ஒரு பிராமணத் துறவியை நோக்கி ஒரு கவிதையே எழுதியிருக்கிறார். அந்த இந்திய வைத்தியர்கள் கொண்டுபோனது மூலிகை அல்ல, ஊசி. புரை படிந்த விழிவில்லையை ஊசியால் குத்திக் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடும் முறை. சீனாவில் அதைத் தங்க ஊசி என்றார்கள்.

அந்த ஊசியின் பின்கதை எழும்பூரில் இருக்கிறது. 1819இல் தொடங்கிய சென்னைக் கண் மருத்துவமனையில் 1904 முதல் 1913 வரை கண்காணிப்பாளராக இருந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட். ஊர் ஊராகப் போன ஊசி வைத்தியர்கள் கெடுத்த கண்கள் அவரிடம் ஏராளமாக வந்தன. அவற்றை ஆராய்ந்து ஒரு நூலே வெளியிட்டார். சில நாள் பளிச்சென்று தெரியும், பிறகு சீழ் வைக்கும் அல்லது அழுத்தம் ஏறிப் பார்வை மொத்தமாகப் போகும். பழைமையான முறை என்பதாலேயே ஒன்று பாதுகாப்பாகிவிடாது என்பதற்கு நம் ஊர் மருத்துவமனையிலேயே இருக்கும் சான்று இது.

ஆனால் அதே பழைய மருத்துவத்தில் அசத்தலான வெற்றியும் உண்டு. ஏழாம் நூற்றாண்டுச் சீன வைத்தியர் சுன் சிமியாவ் மாலைக்கண்ணுக்கு ஈரல் சாப்பிடச் சொன்னார். நம் பாட்டிகளும் ஆட்டு ஈரலைச் சுட்டுக் கொடுத்தார்கள். வைட்டமின் ஏ என்ற பெயர் வருவதற்கு முன்பே இரண்டு பேரும் சரியான உறுப்பைக் கண்டுபிடித்திருந்தார்கள். குழந்தைக்கு அந்தி சாய்ந்தபின் பார்வை தடுமாறினால் இன்றும் அதுதான் விஷயம், ஆனால் ஈரலோடு நிற்காமல் டாக்டரிடமும் காட்ட வேண்டும். கர்ப்பிணிகள் மட்டும் ஈரலை அடிக்கடி சாப்பிட வேண்டாம். வைட்டமின் ஏ மிகுந்தால் கருவுக்கு ஆகாது.

கோஜி, செவ்வந்தி, தகரை

சீன வீடுகளில் கண்ணுக்கென்று அதிகம் புழங்குபவை இந்த மூன்று.

கோஜிப் பழம் உலர்ந்த சிவப்புத் திராட்சை போல இருக்கும், லேசான இனிப்பு. அதில் ஸியாஸாந்தின் என்ற மஞ்சள் நிறமி நிறைய. விழித்திரையின் நடுப்புள்ளியில் இயல்பாகவே இருந்து, நீலவொளியை வடிகட்டும் நிறமிகளில் ஒன்று அது. 2021இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தினர் வெளியிட்ட ஓர் ஆய்வில், 45 முதல் 65 வயதுக்குட்பட்ட ஆரோக்கியமானவர்கள் 28 கிராம் கோஜியை வாரத்துக்கு ஐந்து முறை, 90 நாள் சாப்பிட்டபோது அந்த நிறமியின் அடர்த்தி கூடியது. ஆய்வில் இருந்தவர்கள் மொத்தமே 27 பேர், அதில் கோஜி சாப்பிட்டவர்கள் ஏறக்குறைய பாதி. நிறமி கூடியது என்றுதான் காட்டினார்கள், கண்ணோய் தடுக்கப்பட்டது என்று அல்ல. ஆக, கோஜி நல்ல உணவு. மருந்தென்று விற்கும் விலைக்குத் தகுதியானதா என்றால், என் கணக்கில் இல்லை. மக்காச்சோளத்திலும் முட்டை மஞ்சள்கருவிலும் அதே நிறமி உண்டு. அளவு குறைவு, விலையும் குறைவு.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. இதய வால்வு மாற்றியவர்களும் ரத்தக்கட்டி வந்தவர்களும் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரை சாப்பிடுவார்கள். வார்ஃபரினோடு கோஜி சேர்ந்தபோது ரத்தம் அளவுக்கு மீறி இளகிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. இந்த வகை மாத்திரை எடுப்பவர்கள் கோஜிப் பக்கமே போக வேண்டாம்.

செவ்வந்திப்பூத் தேநீர் கண் சிவப்புக்கும் எரிச்சலுக்கும் சீனர்கள் குடிப்பது. சூடாகக் குடிக்கலாம், மணமாக இருக்கும், வெயிலில் வேலை செய்து வந்தவருக்கு உடம்பில் தண்ணீர் சேரும். வறண்ட கண்ணுக்குக் கிடைக்கும் ஆறுதலில் பாதி அந்தத் தண்ணீரால் வருவது என்பது என் சந்தேகம். ஆனால் தயவுசெய்து பூக்கடைச் சாமந்தியைக் கொதிக்க வைக்காதீர்கள். மாலைக்காக வளர்க்கும் பூவுக்கு அடிக்கும் பூச்சிமருந்து குடிப்பதற்காக அளவிடப்பட்டதல்ல. தேநீருக்கென்று உலர்த்தி, உணவு உரிம எண்ணோடு அடைத்த பூதான் வேண்டும். பார்த்தீனியச் செடி பட்டால் தோல் தடிப்பவர்களுக்குச் செவ்வந்தியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், இரண்டும் ஒரே குடும்பம்.

மூன்றாவதுதான் சுவாரசியம். சீனாவில் கண் தெளிவுக்கென்று வறுத்துத் தேநீராகப் போடும் விதை, மழைக்காலத்தில் நம் ஊர்ச் சாலையோரம் முளைத்துக் கிடக்கும் தகரையின் விதை. ஊசித்தகரை என்றும் சொல்வார்கள். நாம் அதைப் படர்தாமரைக்கு அரைத்துப் பூசினோம், அவர்கள் வறுத்துக் குடித்தார்கள். காபி போன்ற வாசனை வரும். கண்ணைவிட அது நிச்சயமாக வேலை செய்யும் இடம் குடல். மலமிளக்கிச் சத்து அதில் உண்டு. வயிற்றுப்போக்கு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ரத்த அழுத்தம் குறைவாக உள்ளவர்களுக்கு ஆகாது. இலவசமாகக் கிடைக்கிறதே என்று மணலி சாலை ஓரத்தில் பறிக்கவும் வேண்டாம், அங்கே விதையோடு சேர்ந்து வருவது வேறு.

கோஜியும் செவ்வந்தியும் ரெஹ்மானியா வேரும் சேர்த்து உருட்டிய கறுப்பு மாத்திரைகளை ஆன்லைனில் விற்கிறார்கள். சீனாவில் கண் வறட்சிக்கும் மங்கலுக்கும் நெடுநாளாகக் கொடுப்பது அது. இங்கே பிரச்சினை சூத்திரத்தில் இல்லை, டப்பாவில். உரிம எண்ணும் உள்ளடக்க விவரமும் படிக்கும் மொழியில் இல்லாத மருந்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, உங்கள் டாக்டருக்கும் தெரியாது. உலக அளவில் இப்படிப்பட்ட மூலிகை மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஸ்டீராய்டு சாப்பிட்டால் முதல் வாரம் எல்லாம் சரியானதுபோல இருக்கும், பிறகு கண் நீர் அழுத்தமும் புரையும் வரும். சளி மருந்துகளில் சேரும் மா ஹுவாங் என்ற எபிட்ரா செடி கண்மணியை விரிக்கும். நம் ஊமத்தையும் அப்படியே. கண்ணின் வடிகால் கோணம் குறுகியவர்களுக்கு இதனால் ஒரே இரவில் அழுத்தம் எகிறி, கடும் தலைவலியும் வாந்தியுமாகப் பார்வை பறிபோகலாம்.

நம் தட்டு

சீனக் கடைக்குப் போகாமலே செய்யக்கூடியது அதிகம். பொன்னாங்கண்ணி, முருங்கை, கரிசலாங்கண்ணி ஆகிய கீரைகளில் லூட்டினும் பீட்டா கரோட்டினும் இருக்கின்றன. இவை எண்ணெயில் கரைபவை. அதனால் தாளிக்கும் எண்ணெயும் துருவிய தேங்காயும் ருசிக்கு மட்டுமல்ல, சத்து உடம்பில் சேரவும்தான். பச்சையாக அரைத்து ஜூஸ் குடிப்பதைவிடப் பொரியலோ கூட்டோ மேல்.

ஆனால் பொன்னாங்கண்ணி நீரோரச் செடி. நிற்கும் மண்ணில் உள்ள ஈயத்தையும் காட்மியத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்திலும் பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலும் தானாக வளர்வதைப் பறித்துச் சமைத்தால், அது கண்ணுக்குச் செய்யும் நன்மையைவிடச் சிறுநீரகத்துக்குச் செய்யும் தீமை பெரிது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததை அந்தப் பகுதி மறந்திருக்காது. கீரை விற்கும் அக்காவிடம் எங்கே வளர்ந்தது என்று கேளுங்கள். தோட்டக் கீரை என்றால் வாங்குங்கள். இல்லாவிட்டால் மாடியில் ஒரு தொட்டி போதும், பொன்னாங்கண்ணி தண்டை ஒடித்து நட்டாலே வரும்.

காசிமேட்டுக்கு அருகில் இருப்பவர்களுக்கு மீன் கைக்கெட்டும் தூரம். மத்தியும் கானாங்கெளுத்தியும் விலையும் குறைவு, கண்ணுக்கு வேண்டிய கொழுப்பும் அவற்றில் அதிகம். வஞ்சிரத்துக்குக் கடன் வாங்க வேண்டியதில்லை.

கண் வைட்டமின் என்று மருந்துக் கடையில் விற்கும் லூட்டின் மாத்திரை பற்றி ஒரு வரி. 2013இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் 10 மில்லிகிராம் லூட்டினும் 2 மில்லிகிராம் ஸியாஸாந்தினும் சேர்ந்த கலவையைச் சோதித்தார்கள். அது பயன்படுவது வயதான காலத்தில் விழித்திரை நடுப்புள்ளி தேய்மானம் நடுநிலையை எட்டியவர்களுக்கு. முப்பது வயது வெல்டருக்கு அல்ல.

கண்ணுக்குள் விடக்கூடாதவை

கண்ணில் விடும் மருந்தைச் சித்த மருத்துவம் கலிக்கம் என்கிறது. அதைச் செய்வதற்குப் பயிற்சியும் சுத்தமும் வேண்டும். அரும்பாக்கம் அரசு சித்த மருத்துவமனையிலோ தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலோ பட்டம் பெற்ற மருத்துவர் கண்ணைப் பார்த்துவிட்டுக் கொடுப்பது ஒன்று. தெருமுனையில் ஒருவர் சொட்டு விட்டு, கண்ணீர் கொட்டியதும் அழுக்கு வெளியேறுகிறது என்று காட்டுவது வேறொன்று. எரியும் எதை விட்டாலும் கண்ணீர் கொட்டும்.

நந்தியாவட்டைப் பூவைக் குளிர்ச்சிக்காக மூடிய இமை மேல் வைக்கலாம், நன்றாகக் கழுவியபின். பூவைப் பிழிந்து சொட்டு விட வேண்டாம். தமிழ்நாட்டில் கருவிழிப் புண்களில் பெரும் பங்கு பூஞ்சையால் வருவது, செடிப்பொருளோடு கண்ணுக்குள் போவது. ஆறுவதற்கு மாதங்களாகும், ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நிற்கும். இரவெல்லாம் ஊறிய திரிபலாத் தண்ணீரில் கண் கழுவுவதும், மரமஞ்சள் கஷாயம் விடுவதும் இதே ஆபத்து. மரமஞ்சளில் உள்ள பெர்பெரினுக்குக் கிருமியைத் தடுக்கும் குணம் உண்டு, சீனரும் அதே சத்துள்ள வேரால் கண் கழுவினார்கள், எல்லாம் உண்மை. ஆனால் உங்கள் வீட்டுச் சொம்பும் வடிகட்டிய வேட்டித் துணியும் கிருமியற்றவை அல்ல.

தாய்ப்பால், தேன், வெங்காயச் சாறு, நாட்டு விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். எருக்கம்பால் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பூசைக்கு எருக்கம்பூ பறிக்கும்போது ஒரு துளி தெறித்தாலே கருவிழியின் உள்ளடுக்குச் செல்கள் கெடும். வலி அதிகம் இருக்காது, பார்வை மட்டும் பனிமூட்டமாகும். வலிக்கவில்லையே என்று வீட்டில் இருந்துவிடுவதால்தான் கெடுகிறது. சுருமா என்ற கண்மையில் பல வகை ஈயத் தாதுவால் ஆனவை. குழந்தைக்கு இட்டால் விரல் வழியே வாய்க்குப் போய் ரத்தத்தில் ஈயம் ஏறும்.

வலி தெரியாமலிருக்கப் பட்டறைகளில் மரப்புச் சொட்டு வாங்கி வைத்திருப்பார்கள். மூலிகை இல்லை என்றாலும் இந்த வரிசையில்தான் வரும். அதைத் திரும்பத் திரும்ப விட்டால் கருவிழி ஆறாமல் உருகும். சிவந்த கண்ணுக்கெல்லாம் மருந்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் ஸ்டீராய்டுச் சொட்டும் அப்படியே. மெட்ராஸ் ஐ வந்தவருக்கு வேண்டியது தனித் துண்டு, தனித் தலையணை, அடிக்கடி கை கழுவுதல், குளிர்ந்த ஒத்தடம். வைரஸ் தன் வாரத்தை முடித்துக்கொண்டு போய்விடும். வெளிச்சம் பார்க்கக் கூசினாலோ பார்வை மங்கினாலோ மட்டும் காத்திருக்கக் கூடாது.

இரும்பும் ரசாயனமும்

2023 டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கும் நேரம், எண்ணூர் பெரியகுப்பத்தருகே கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. தூங்கிக்கொண்டிருந்த மக்கள் கண் எரிந்து, மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அந்த இரவில் யாருக்கும் எந்த மூலிகையும் உதவியிருக்காது. உதவுவது தண்ணீர் ஒன்றுதான்.

காரணம் இது. அமிலம் பட்டால் கருவிழியின் மேல்புரதம் உறைந்து ஓரளவு தடுப்பாக நிற்கும். அம்மோனியா, சுண்ணாம்பு, சிமென்ட், காஸ்டிக் சோடா போன்ற காரப்பொருள் புரதத்தையும் கொழுப்பையும் கரைத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். நிமிடங்கள்தான் கணக்கு. குழாய்த் தண்ணீரோ கேன் தண்ணீரோ எதுவானாலும் சரி, இமைகளை விரலால் அகல விரித்து அரை மணி நேரம் ஊற்றுங்கள். பிறகுதான் ஆட்டோ. வெற்றிலைச் சுண்ணாம்பு குழந்தையின் கண்ணில் தெறித்தால், இமைக்குள் ஒட்டிய துகளை ஈரத் துணி நுனியால் எடுத்துக்கொண்டே தண்ணீர் விட வேண்டும். காரத்துக்கு மாற்று என்று எலுமிச்சையோ மோரோ விடாதீர்கள். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். வாயு கசிந்தால் ஈரத்துணியால் மூக்கை மூடி, காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காக நகர வேண்டும்.

இரும்புத் தூள் கண்ணில் விழுந்தால், சக தொழிலாளி தீக்குச்சி முனையாலோ மடித்த காகிதத்தாலோ எடுத்துவிட முன்வருவார். நல்ல மனசு, மோசமான கருவி. தண்ணீரில் கழுவிப் போகாத துகளை மருத்துவமனையில்தான் எடுக்க வேண்டும். சுத்தியலால் உளியை அடிக்கும்போது தெறித்த துண்டு கண்ணுக்குள்ளேயே போயிருக்கலாம். அப்போது கழுவவும் கூடாது, அழுத்தவும் கூடாது. ஒரு காகித டீ கப்பைக் கண்ணைத் தொடாதபடி கவிழ்த்து ஒட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

மூலிகைக்குச் செலவழிக்க நினைக்கும் தொகையில் முதலில் பக்கமும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி வாங்குங்கள். ஆர்க் வெல்டிங்குக்கு 10ஆம் எண்ணுக்குக் குறையாத கருங்கண்ணாடி. பக்கத்தில் நின்று இரும்பைப் பிடிக்கும் ஹெல்ப்பர் பையனுக்கும் அதே கண்ணாடி. வெளிச்சம் அவன் கண்ணையும் அதே அளவு சுடும்.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் கண் அழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கொரு முறை சொட்டு விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். எழும்பூர்க் கண் மருத்துவமனையிலும், கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று பெரியவர்கள் சொல்லும் ஸ்டான்லியிலும் இவற்றுக்குப் பணம் கேட்பதில்லை. போகும்போது சாப்பிடும் சூரணம், தேநீர்ப் பொட்டலம், சீன டப்பா எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். திட்டுவார்கள் என்று மறைக்க வேண்டாம். ஸ்டான்லியின் அவசரப் பிரிவு இரவும் திறந்திருக்கும். கண்ணில் ரசாயனம் பட்டுப் போகிறவர்கள், உங்கள் பெயரைச் சொல்வதற்கு முன் அந்த ரசாயனத்தின் பெயரைச் சொல்லுங்கள்.